தூக்க மாத்திரை: தானாகத் தொடங்கவும் வேண்டாம், தானாக நிறுத்தவும் வேண்டாம்



இந்த இதழின் பாடத்துக்கு நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் ஆலயத்தில் அதிகமாகப் பேசப்படுவதில்லை. ஆனாலும் நம் சபைக் குடும்பங்கள் பலவற்றின் அலமாரியில் அது இருக்கிறது. சிலர் அதை "நரம்பு மாத்திரை" என்பார்கள். சிலர் "டென்ஷன் மாத்திரை" என்பார்கள். பெரும்பாலோர் அறிந்த பெயர் "தூக்க மாத்திரை".

வார்டுகளில் வியாதியஸ்தரின் படுக்கையருகே ஜெபிக்கிற ஊழியத்தில், இந்த மாத்திரையைக் குறித்து இரண்டு விதமான பேச்சுக்கள் காதில் விழுகின்றன. ஒன்று: "சும்மா அரை மாத்திரைதானே ஐயா, என்ன வந்துவிடப் போகிறது?" மற்றொன்று: "ஜெபிக்கிறவர்களுக்கு இந்த மாத்திரை எதற்கு ஐயா? நேற்றோடு எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டேன்." முதலாவது பேச்சு மருந்தை அற்பமாக எண்ணுகிறது. இரண்டாவது பேச்சு மருந்தை அவமானமாக எண்ணுகிறது. இரண்டும் ஆபத்தில் கொண்டுபோய் விடுகின்றன. இரண்டாவதில் உள்ள ஆபத்து அநேகருக்குத் தெரியாது. ஆகவே இதை எழுதுகிறோம்.

இப்பாடத்தின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். மருத்துவர் எழுதிக்கொடுத்த தூக்க மாத்திரையை அவர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில், சொன்ன காலம் வரை சாப்பிட வேண்டும். தானாகத் தொடங்கவும் கூடாது. தானாகக் கூட்டவும் கூடாது. தானாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

1. இந்த மருந்துகள் வந்த வழி

தூக்கத்துக்கென்று மருந்து தேடுவது மனிதனுக்குப் புதிதல்ல. 1903-ல் வெரோனால் என்ற மருந்தும், 1912-ல் பீனோபார்பிடோன் என்ற மருந்தும் விற்பனைக்கு வந்தன. இவை பார்பிட்டுரேட் வகையைச் சேர்ந்தவை. தூங்க வைக்கும் அளவுக்கும் உயிரைப் பறிக்கும் அளவுக்கும் இவற்றில் இடைவெளி மிகக் குறைவு. அதனால் மேல்நாடுகளில் பல உயிர்கள் போயின.

பின்பு லியோ ஸ்டெர்ன்பாக் என்ற வேதியியல் அறிஞர், ரோஷ் கம்பெனியின் அமெரிக்க ஆய்வுக்கூடத்தில் புது வகை மருந்தொன்றைக் கண்டுபிடித்தார். 1960-ல் லிப்ரியம் என்ற பெயரிலும், 1963-ல் வேலியம் என்ற பெயரிலும் அவை கடைக்கு வந்தன. வேலியத்தின் மருந்துப் பெயர் டயசெபாம். அல்பிரசோலம், லோரசெபாம், குளோனசெபாம், நைட்ரசெபாம் எல்லாம் இதே குடும்பம். இதற்குப் பென்சோடையசிபைன் என்று பெயர். இக்காலத்தில் அதிகமாக எழுதப்படும் சோல்பிடெம் வேறு வகையாயினும், மூளையில் ஏறக்குறைய அதே இடத்தில்தான் வேலை செய்கிறது.

பழைய மருந்துகளைவிட இவை பாதுகாப்பானவை என்பது உண்மை. அதனாலேயே மருத்துவர்களும் மக்களும் தாராளமாகக் கையாண்டார்கள். 20 ஆண்டுகளுக்கும் மேலான பிறகுதான் இவற்றின் மறுபக்கம் தெளிவாகத் தெரிய வந்தது. பல மாதங்கள் சாப்பிட்டவர்களால் எளிதில் விட முடியவில்லை. 1988-ல் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு, மனக்கலக்கத்துக்காக இவற்றைக் கொடுத்தால் 2 முதல் 4 வாரங்களுக்கு மட்டும் கொடுக்க வேண்டும் என்று அறிவுறுத்தியது. 2020-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, இம்மருந்துகளுக்குப் பழக்கமாவதையும் திடீரென்று நிறுத்துவதின் ஆபத்தையும் குறித்துத் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டி அச்சிட உத்தரவிட்டது.

2. உடலுக்குள் என்ன நடக்கிறது?

நம் மூளையில் நரம்புகளைத் தூண்டுகிற இரசாயனங்களும் உண்டு. அடக்குகிற இரசாயனங்களும் உண்டு. அடக்குகிறவற்றில் முக்கியமானது காபா என்பது. மாட்டு வண்டி ஓட்டுகிறவர் கயிற்றை இழுத்துப் பிடிப்பதுபோல, மூளையின் ஓட்டத்தை அது இழுத்துப் பிடிக்கிறது. தூக்க மாத்திரை அந்தக் காபாவின் பிடியை இன்னும் பலப்படுத்துகிறது. அதனால் பயம் தணிகிறது, தசைகள் தளர்கின்றன, வலிப்பு அடங்குகிறது, தூக்கம் வருகிறது.

நாள்தோறும் பல வாரங்கள் மருந்து வந்தால், மூளை அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. முன்பு அரை மாத்திரையில் வந்த தூக்கம் இப்போது ஒரு மாத்திரை கேட்கும். இது அந்த மனிதருடைய மனபலவீனம் அல்ல, உடலின் இயல்பு. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சொல்லப்போகும் காரியத்துக்கு இதுவே அடிப்படை.

ஒவ்வொரு மருந்தும் உடலில் தங்கும் காலம் வேறுபடும். சோல்பிடெம் ஏறக்குறைய 2½ மணி நேரத்தில் பாதியாகக் குறைகிறது. லோரசெபாமுக்கு 10 முதல் 20 மணி நேரம் ஆகும். டயசெபாமுக்கு 20 முதல் 50 மணி நேரம் ஆகலாம். அப்படியானால் திங்கட்கிழமை இரவு போட்ட டயசெபாமில் பாதி, சிலருடைய உடலில் புதன்கிழமையும் இருக்கும். அதற்குள் அடுத்த மாத்திரைகள் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. "இராத்திரி போட்டது இராத்திரியோடு போயிற்று" என்று நினைப்பது தவறு.

மில்லிகிராம் எண்ணைப் பார்த்தும் ஏமாறக் கூடாது. இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் 1982 முதல் 1994 வரை, இம்மருந்துகளை விட விரும்பியவர்களுக்கென்று தனி மருத்துவ நிலையம் நடத்தியவர் பேராசிரியர் ஹெதர் ஆஷ்டன் அம்மையார். அவர் தந்த கணக்கின்படி 0.5 மி.கி. அல்பிரசோலம், 0.5 மி.கி. குளோனசெபாம், 1 மி.கி. லோரசெபாம் ஆகிய ஒவ்வொன்றும் ஏறக்குறைய 10 மி.கி. டயசெபாமுக்குச் சமம். "இது 0.5 தானே, அது 10 ஆயிற்றே" என்று ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைத் தாங்களாகவே இரண்டு மூன்றாகப் போட்டுக்கொள்வது எவ்வளவு ஆபத்து என்று இதிலிருந்து தெரிகிறதல்லவா?

3. மருத்துவர் ஏன் கொடுக்கிறார்?

"தூக்க மாத்திரை" என்று நாம் சொன்னாலும், தூக்கத்துக்கு மட்டும் இவை கொடுக்கப்படுவதில்லை. வலிப்பு நோய்க்குக் கொடுப்பார்கள். திடீரென்று நெஞ்சு படபடத்து "செத்துப்போகிறேன்" என்று தோன்றுகிற பெரும்பயத்துக்குக் கொடுப்பார்கள். குடிப்பழக்கத்தை நிறுத்துகிறவருக்கு முதல் சில நாட்களில் வலிப்பும் பிதற்றலும் வராமல் காக்கக் கொடுப்பார்கள். அறுவை சிகிச்சைக்கு முன் கொடுப்பார்கள்.

ஆகவே, பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுத்த மாத்திரையும் உங்களுக்குக் கொடுத்த மாத்திரையும் ஒரே பெயராக இருந்தாலும், காரணம் ஒன்றல்ல, அளவும் ஒன்றல்ல. மருத்துவரிடம் மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். "இது எதற்காக? எத்தனை நாளைக்கு? நிறுத்தும்போது எப்படி நிறுத்த வேண்டும்?" இந்த மூன்றுக்கும் பதிலை மருந்துச் சீட்டின் பின்புறத்திலேயே எழுதிக் கொண்டுவாருங்கள்.

4. சாப்பிடும் முறை

முதலாவது, மருந்துச் சீட்டில் உள்ள பெயரையும் அளவையும் அட்டையில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 0.25, 0.5, 1 என்று ஒரே மருந்து பல அளவுகளில் வருகிறது. கண்பார்வை மங்கியவர்கள் பிள்ளைகளிடமோ பேரப்பிள்ளைகளிடமோ கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, பழைய சீட்டைக் காட்டி வாங்க வேண்டாம். சீட்டு இல்லாமல் கேட்கவும் வேண்டாம். அல்பிரசோலம், டயசெபாம், நைட்ரசெபாம், சோல்பிடெம் ஆகியவற்றை நம் அரசு 2013-ல் அறிவித்த "எச்1" என்ற தனி அட்டவணையில் சேர்த்திருக்கிறது. 2014 மார்ச் முதல் இது நடைமுறையில் இருக்கிறது. இவற்றை விற்கும் கடைக்காரர் மருத்துவரின் பெயர், நோயாளியின் பெயர், மருந்து, எண்ணிக்கை எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். கடைக்காரர் சீட்டு கேட்டால் கோபப்படாதீர்கள். அவர் உங்களைச் சந்தேகப்படவில்லை, பாதுகாக்கிறார்.

மூன்றாவது, ஒருவேளை போட மறந்துவிட்டால் அடுத்த வேளை இரண்டாகப் போட வேண்டாம்.

நான்காவது, சோல்பிடெம் போன்ற மாத்திரையைப் படுக்கைக்குப் போகும் தறுவாயில்தான் போட வேண்டும். அதன்பின் 7 அல்லது 8 மணி நேரம் தூங்க வாய்ப்பு இருக்க வேண்டும். மாத்திரையைப் போட்டுவிட்டு, சமையலறை வேலையைப் பார்த்து, பால் காய்ச்சி, கதவைப் பூட்டப் போகக் கூடாது. இம்மருந்தைச் சாப்பிட்ட சிலர் முழு விழிப்பில்லாமலே நடந்ததும், சமைத்ததும், வாகனம் ஓட்டியதும் உண்டு. இதற்காகவே 2019-ல் அமெரிக்காவில் தனி எச்சரிக்கை வெளியிடப்பட்டது. பெண்களுக்கு மறுநாள் காலையிலும் இது இரத்தத்தில் அதிகமாய் நிற்பதால், 2013-ல் அங்கே பெண்களுக்கான தொடக்க அளவை 10 மி.கி.யிலிருந்து 5 மி.கி.யாகக் குறைத்தார்கள்.

ஐந்தாவது, மாத்திரை தொடங்கிய முதல் நாட்களிலும், அளவு மாற்றிய நாட்களிலும் மோட்டார் சைக்கிள் ஓட்ட வேண்டாம். கிணற்றடி, மொட்டைமாடி, இயந்திரம் ஆகியவற்றின் பக்கம் தனியாகப் போக வேண்டாம். தலை தெளிவாயிருக்கிறது என்று நமக்குத் தோன்றும். கை கால் அதைச் சொல்லாது.

5. சேர்க்கக் கூடாதவை

தூக்க மாத்திரையோடு மது சேர்ந்தால் இரண்டும் மூளையைச் சேர்ந்து அடக்கும். மூச்சு மெதுவாகி நின்றுவிடக்கூடும். "கொஞ்சம்தான்" என்பதும் கூடாது.

அடுத்தது வலி மாத்திரைகள். டிரமடால், மார்ஃபின், கோடீன் போன்றவற்றைத் தூக்க மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடுவதைக் குறித்து 2016-ல் அமெரிக்காவில் மிகக் கடுமையான எச்சரிக்கை கொடுக்கப்பட்டது. புற்றுநோயாளிகளுக்கு மருத்துவரே இரண்டையும் எழுதுவது உண்டு; அது அவருடைய கண்காணிப்பில் நடப்பது. எலும்பு மருத்துவர் ஒரு சீட்டும், மனநல மருத்துவர் ஒரு சீட்டும், ஊரிலுள்ள மருத்துவர் ஒரு சீட்டும் எழுதி, ஒருவருக்கொருவர் தெரியாமல் போவதே நம் வீடுகளில் நடக்கும் ஆபத்து.

கோடீன் கலந்த இருமல் மருந்தும், தூக்கம் வரவழைக்கும் சளி, அலர்ஜி மாத்திரைகளும் இதே கணக்கில் சேரும். ஆகையால் எந்த மருத்துவரிடம் போனாலும் வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் மேஜையில் வையுங்கள். இதற்குச் செலவில்லை, வெட்கமும் வேண்டாம்.

குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறவர்கள், நாள்பட்ட நுரையீரல் நோயுள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார் ஆகியோர் தங்கள் நிலையை மருத்துவரிடம் முன்னதாகவே சொல்ல வேண்டும்.

6. முதியோரும் தூக்க மாத்திரையும்

வயது கூடக்கூட ஈரலும் சிறுநீரகமும் மருந்தை மெதுவாகவே வெளியேற்றுகின்றன. நடுவயதில் தாங்கிய அளவு 70 வயதில் அதிகமாகிவிடும். அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இம்மருந்துகளைக் கூடியவரை தவிர்க்கவே சொல்லுகிறது. மறதி, குழப்பம், தள்ளாட்டம், கீழே விழுதல், இடுப்பெலும்பு முறிவு ஆகியவை இதற்குக் காரணங்கள்.

ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். வயதான தாயார் தனியாக இருக்கிறார். இரவில் மாத்திரை போட்டுத் தூங்குகிறார். 2 மணிக்குச் சிறுநீருக்காக எழுந்திருக்கிறார். விளக்கு எட்டவில்லை, தலை சுற்றுகிறது, குளியலறைப் படியில் விழுகிறார். காலையில் பால்காரர் வந்து பார்க்கும்வரை யாருக்கும் தெரியாது. அதன்பின் மாதக்கணக்கில் படுக்கை. அம்மாவுக்கு மறதி வந்துவிட்டது என்று நாம் வருத்தப்படும்போதும், அது வயதினால் வந்ததா, மாத்திரையினால் வந்ததா என்று ஒருமுறை மருத்துவரைக் கேட்பது நல்லது.

அதற்காக, பல வருடங்களாகச் சாப்பிட்டுவரும் தாயாரின் கையிலிருந்து அட்டையை நாளைக்கே பிடுங்கிவிடாதீர்கள். காரணத்தை அடுத்து வாசியுங்கள்.

7. திடீரென்று நிறுத்துவதில் உள்ள ஆபத்து

வாரக்கணக்கில் மருந்தின் பிடியோடு ஓடப் பழகிய மூளையில், அந்தப் பிடி ஒரே நாளில் போய்விட்டால் என்ன ஆகும்? கயிறு அறுந்த மாடு பள்ளத்தில் ஓடுவதுபோல் ஆகும். தூக்கம் அடியோடு போய்விடும். கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும். சிறு சத்தமும் வெளிச்சமும் தாங்க முடியாமல் போகும். சிலருக்குப் பிதற்றல் உண்டாகும். சிலருக்கு முன்பின் வலிப்பே வராதிருந்தும் வலிப்பு வரும். அது உயிருக்கே ஆபத்தாகலாம். சீக்கிரம் வெளியேறும் மருந்தானால் ஓரிரு நாளில் இது தொடங்கும். டயசெபாம் போன்றவையானால் ஒரு வாரம் கழித்தும் தொடங்கலாம். அப்போது மாத்திரையை விட்டதுதான் காரணம் என்று யாருக்கும் தோன்றாது. வலிப்பு நோய்க்காகவே இதைச் சாப்பிடுகிறவர் நிறுத்தினால், வலிப்பு அடுத்தடுத்து நிற்காமல் வரக்கூடும்.

நிறுத்தவே முடியாதா என்றால், முடியும். அநேகர் நிறுத்தியிருக்கிறார்கள். ஆனால் படிப்படியாக. 2025-ல் அமெரிக்காவில் பல மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டியில், 2 முதல் 4 வாரங்களுக்கு ஒருமுறை நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு குறைப்பதை எண்ணிப் பார்க்கும்படியும், எப்படியானாலும் 2 வாரத்தில் நூற்றுக்கு 25 பங்குக்கு மேல் குறைக்க வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அப்படியானால் பல மாதங்கள் ஆகலாம். சிலருக்கு ஒரு வருடமும் ஆகலாம். எவ்வளவு, எப்போது குறைப்பது என்பதை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். இந்த எண்களை நாம் எழுதுவது, வீட்டில் நீங்களே கணக்குப் போடுவதற்காக அல்ல. இது எவ்வளவு நிதானமாக நடக்க வேண்டிய காரியம் என்று அறிந்துகொள்வதற்காகவே.

8. ஜெபமும் மாத்திரையும்

நம் சபைகளில் இந்தத் திடீர் நிறுத்தம் பல வழிகளில் நடக்கிறது. சுகமளிக்கும் கூட்டத்திலிருந்து திரும்பியவர் அன்றிரவே மாத்திரைகளைக் குப்பையில் போடுகிறார். உபவாச ஜெபத்தில் இருக்கிறவர் உணவோடு மருந்தையும் விட்டுவிடுகிறார். லெந்து நாட்களில் "இந்த 40 நாளும் வேண்டாம்" என்று தீர்மானிக்கிறார் ஒருவர். கன்வென்ஷனுக்குப் போகிறவர் வேதாகமத்தையும் பாட்டுப் புத்தகத்தையும் பையில் வைத்து, மாத்திரையை வீட்டில் மறந்துவிடுகிறார். மூன்றாம் நாள் அவருக்கு வலிப்பு வந்தால், சுற்றியிருப்பவர்கள் பிசாசின் போராட்டம் என்று சொல்லிக் கையையும் காலையும் பிடித்துக்கொள்கிறார்கள். அப்போது அவருக்கு வேண்டியது உடனடியாக ஆஸ்பத்திரி.

எசேக்கியா ராஜாவின் சரித்திரத்தை 2 இராஜாக்கள் 20-ம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். மரணப்படுக்கையில் அழுது ஜெபித்தார், ஜெபம் கேட்கப்பட்டது, ஆயுசில் 15 வருடம் கூட்டப்பட்டது. ஆனால் அதே பகுதியில்தான், பிளவையின்மேல் அத்திப்பழப் பற்றுப் போடும்படி ஏசாயா தீர்க்கதரிசி சொல்லுகிறார். வாக்குத்தத்தத்தைப் பெற்ற ராஜா மருந்தைத் தள்ளிவிடவில்லை. எலியாவின் வரலாற்றையும் 1 இராஜாக்கள் 19-ல் பாருங்கள். சாக விரும்பிப் படுத்துவிட்ட அந்தத் தேவமனிதனுக்கு முதலில் கிடைத்தது பிரசங்கமல்ல. தூக்கமும், அடையும், தண்ணீரும், திரும்பவும் தூக்கமும் கிடைத்தன.

ஆகவே மருந்து சாப்பிடுகிற விசுவாசியைக் குற்றப்படுத்தாதிருங்கள். மருந்தின் தேவை நீங்கும்படி ஜெபியுங்கள். அந்த ஜெபம் கேட்கப்பட்டதா என்பதை மருத்துவர் சோதித்துப் பார்த்து, படிப்படியாகக் குறைக்கட்டும். அதினால் தேவனுடைய மகிமை ஒன்றும் குறைந்துபோகாது. போதகர்மாரும் ஜெபக்குழுத் தலைவர்களும், "மாத்திரையை விட்டுவிடுங்கள்" என்று ஒருவரிடமும் சொல்லாதிருக்கும்படி அன்பாய்க் கேட்டுக்கொள்கிறோம்.

9. வீட்டார் கவனிக்க வேண்டியவை

மனநோய்ச் சிகிச்சையில் குடும்பத்தாரின் பங்கு பெரியது. மாத்திரையைப் பொறுத்தும் அப்படியே.

மாத்திரைகளைப் பூட்டிய பெட்டியில் வையுங்கள். சிறுபிள்ளைகள் மிட்டாய் என்று எடுத்துவிடுவார்கள். மனம் உடைந்த நிலையிலுள்ள ஒருவர் வீட்டில் இருந்தால், சாவி வேறொருவரிடம் இருக்கட்டும். ஒரு வேளைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக் கொடுக்கட்டும். சாக வேண்டும் என்ற பேச்சு அவர் வாயில் வந்தால் அதை அலட்சியம் செய்யாதீர்கள். அவரைத் தனியே விடாமல் அருகில் இருங்கள். மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அரசின் "டெலி மானஸ்" சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

துக்க வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. கணவனையோ பிள்ளையையோ இழந்து கதறுகிற பெண்ணுக்கு, "கொஞ்சம் தூங்கட்டும்" என்று உறவினர் ஒருவர் தம் பையிலிருந்து மாத்திரை எடுத்துக் கொடுப்பார். அன்பினால் செய்கிறார், ஆனால் அந்தப் பெண்ணுக்கு வேறு என்ன மருந்து நடக்கிறது, என்ன வியாதி உண்டு என்று அவருக்குத் தெரியாது. அழுகிறவர்களோடு அழுவதே அங்கே நம் கடமை. தேவையானால் மருத்துவரை அழையுங்கள்.

இன்னொன்றையும் நம் ஆதரவாளர்களுக்குச் சொல்ல வேண்டும். மரித்துப்போனவர்களின் மீதி மாத்திரைகளை, "ஏழைகள் யாருக்காவது உதவட்டும்" என்று ஆஸ்பத்திரிகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் நல்லெண்ணத்தோடு கொண்டுவருகிறவர்கள் உண்டு. தூக்க மாத்திரைகளை அப்படிக் காணிக்கையாகக் கொடுக்க வேண்டாம். ஒருவருக்கு அளந்த மருந்து மற்றவருக்கு ஆகாது. அவற்றை எப்படி அழிப்பது என்று மருந்தகத்தாரைக் கேட்டு அவர்களிடம் ஒப்படையுங்கள்.

மாத்திரை போட்டவரை எவ்வளவு தட்டியும் எழுப்ப முடியாமல், மூச்சு மெதுவாகி, உதடு நீலம் பாரித்தால் 108-ஐ உடனே அழையுங்கள். அவரை ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். உப்புத் தண்ணீர், மோர், காபி எதையும் வாயில் ஊற்ற வேண்டாம். அது நுரையீரலுக்குள் போய்விடும். வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். காலி அட்டைகளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மருத்துவருக்கு அதுவே முதல் தகவல்.

10. மாத்திரை இல்லாமல் தூங்க வழி

நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் கொடுக்க வேண்டியது மாத்திரை அல்ல, பழக்கத்தையும் எண்ணத்தையும் திருத்தும் பயிற்சியே என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-ல் அறிவுறுத்தியது. அதன் முக்கிய பாகங்கள் எளியவை. தினமும் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள், இரவு தூங்காவிட்டாலும்கூட. தூக்கம் வந்தபின்பே படுக்கைக்குப் போங்கள். படுத்து வெகுநேரம் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறிடத்தில் அமைதியாக உட்கார்ந்திருந்து, கண் சொக்கும்போது திரும்பிப் போங்கள். படுக்கையில் தொலைக்காட்சியும் கைப்பேசியும் வேண்டாம். பகல் தூக்கத்தைக் குறையுங்கள். மாலைக்குப் பின் காபியும் டீயும் வேண்டாம். வயதானவர்களுக்கு 8 மணி நேரத் தூக்கம் வராதிருப்பது எப்போதும் வியாதியல்ல என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

மூட்டுவலி, சர்க்கரை, இருமல், கடன், மனக்கசப்பு என்று தூக்கத்தைக் கெடுக்கும் காரணங்கள் அநேகம். காரணத்தைக் கண்டு அதற்குச் சிகிச்சை செய்தால், தூக்கம் தானாகத் திரும்புவது உண்டு.

கூடிச் சிந்திக்க

மாதர் சங்கத்திலும் வாலிபர் ஐக்கியத்திலும் வீட்டு ஜெபக்கூட்டத்திலும் இந்தக் கேள்விகளைக் கலந்து பேசுங்கள்.

1. நம் வீட்டில் யார் யார் இரவில் மாத்திரை போடுகிறார்கள்? எதற்காக என்று அவர்களுக்குத் தெரியுமா?

2. எசேக்கியாவின் ஜெபத்துக்கும் அத்திப்பழப் பற்றுக்கும் உள்ள தொடர்பை எப்படி விளங்கிக்கொள்கிறீர்கள்?

3. மருந்து சாப்பிடுகிற விசுவாசியை நம் பேச்சினால் புண்படுத்துகிறோமா?

4. நம் சபையில் தனியாக வாழும் முதியோர் யார்? வாரம் ஒருமுறை அவர்களுடைய மாத்திரைப் பெட்டியைப் பார்த்து உதவ யார் முன்வருவார்கள்?

5. உபவாசம், முழு இரவு ஜெபம், கன்வென்ஷன் ஆகியவற்றை அறிவிக்கும்போது, "தொடர்ந்து மருந்து சாப்பிடுகிறவர்கள் அதை விடவேண்டாம்" என்று சேர்த்து அறிவிக்க நம் சபை தீர்மானிக்குமா?

இந்தப் பாடம் மருத்துவருக்குப் பதில் அல்ல. இதை வாசித்த பின் உங்கள் மாத்திரையைப் பற்றிச் சந்தேகம் எழுந்தால், இன்றிரவு வழக்கமான அளவையே போட்டுக்கொண்டு, முடிந்தவரை சீக்கிரம் உங்கள் மருத்துவரைப் போய்ப் பாருங்கள். மாத்திரைக்குப் பின் அதிக மயக்கமோ மூச்சுத்திணறலோ உண்டானால் மட்டும் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தூக்கமில்லாத இராத்திரிகளில் விழித்திருக்கிற ஒவ்வொருவரையும், அவர்களைக் காக்கிற மருத்துவர்களையும் செவிலியரையும் வீட்டாரையும் உங்கள் ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். ஆண்டவர் உங்கள் இல்லங்களில் சமாதானம் அருளுவாராக.

உங்கள் அன்பின் ஊழியன்,
ஆஸ்பத்திரி குருவானவர்